ரோட்டில் காய்ந்த கொள்ளு

கருமத்தம்பட்டியைத் தாண்டி அவிநாசிப் பக்கம் போகும்போது ரோட்டின் குறுக்கே ஒரு வேகத்தடை இருந்தது. அதற்கு ஐயாசாமி மேடு என்று பெயர். பஸ் கண்டக்டர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கிழிப்பார்கள். ஐயாசாமி ஏதோ கட்சித் தலைவராக இருக்கும் என்று நினைத்து இறங்கினவர்கள்கூட உண்டு. அவர் தலைவருமில்லை, தியாகியுமில்லை. தறிக்குடோனில் தறி ஓட்டியவர். ஒருநாள் ஷிப்டு முடிந்து, டீ குடிக்க ரோட்டைத் தாண்டினார். தாண்டி முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் அதற்கு முன்பே வேகம் முப்பது கிலோமீட்டர் என்று ஒரு போர்டு இருக்கத்தான் செய்தது. ஆடுகள் முதுகு சொறிந்துகொள்ள அது ரொம்ப உபயோகப்பட்டது. மற்றபடி கோயமுத்தூரிலிருந்து ஈரோடு போகிற பஸ்காரன் எவனும் அதை ஏறெடுத்துப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. அவனுக்கு அவன் டைமிங். பின்னால் வருகிறவன் முந்திவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் சட்டையைப் பிடிக்கிற சண்டை. ஊருக்குள் வருகிறோமே, நாலு பேர் நடக்கிற இடமாயிற்றே என்று நினைக்க அவனுக்கு எங்கே நேரம்?

எங்கள் பக்கத்தில் வேகத்தடை வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. மனுக் கொடுத்து வாங்கியவர் யாரும் கிடையாது. ஓர் ஆள் சாகவேண்டும். செத்தவரை ரோட்டோரம் கிடத்தி, வேலிமுள்ளை வெட்டிக் குறுக்கே போட்டு, ஊர் மொத்தமும் ரோட்டில் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் கண்ணுக்கெட்டின தூரம் நிற்க, தாசில்தார் ஜீப்பில் வந்து கும்பிடு போட்டு, என்ன வேண்டும் என்று கேட்பார். பொழுது சாய்வதற்குள் ஜல்லியும் தாரும் வந்து இறங்கும். ஐயாசாமியைச் சுடுகாட்டில் வைத்துவிட்டுத் திரும்பிய ஆம்பிளைகள் அந்தப் புது மேட்டின்மேல்தான் நடந்து வந்தார்கள்.

ராமாத்தாள் ஐயாசாமியின் சம்சாரம். அவளுடைய அப்பனும் ஆத்தாளும் காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்டவர்கள். இவள்தான் முதன்முதலாகத் தோட்டத்தை விட்டுத் தறிக்குடோனுக்கு வந்து நூல் சுற்றுகிற மிஷினில் நின்றவள். வீடும் குடோனும் ரோட்டுக்குத் தெற்கே. அவளுடைய ஒரே மகள் எழில் படிக்கிற பள்ளிக்கூடம் ரோட்டுக்கு வடக்கே. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்தப் பிள்ளை ரோட்டைத் தாண்டியாக வேண்டும். ராமாத்தாளின் உலகம் மொத்தமும் அந்த இரண்டு தடவைக்குள் அடங்கிப்போயிற்று.

பிறவியிலேயே அவள் கால் ஓரிடத்தில் நிற்காத பொம்பளை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். புருஷன் செத்தபிறகு அது இரண்டு பங்காயிற்று. மேடு வந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியிருந்தாள். மிஷின் இரைச்சலுக்கு நடுவிலும் அவள் காது ரோட்டில்தான் இருக்கும். கனத்த வண்டி ஒன்று மூச்சை இழுத்துப் பிடித்து, மேட்டில் ஏறி இறங்கி, தகரமெல்லாம் தடதடக்கப் போகும் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு நிம்மதி. அது கேட்கிற வரைக்கும் தன் புருஷன் ரோட்டில் நின்று கை காட்டி வண்டியை நிறுத்துகிற மாதிரி நினைத்துக்கொள்வாள். அவர் இருக்கும்போது ஒரு சைக்கிளைக்கூட நிறுத்தினவர் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு மார்கழி மாதக் காலையில் சத்தம் மாறிக் கேட்டது. இரும்பு ரோட்டில் இடிக்கிற சத்தம். மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிப் பார்த்தால், ரோட்டு கேங்குக்காரர்கள் கடப்பாரையால் மேட்டைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஏட்டு பிரான்சிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். விஷயம் இதுதான். அவிநாசியில் ஏதோ திறப்பு விழாவுக்கு ஓர் அமைச்சர் வருகிறாராம். அவருடைய காரும் பின்னால் வருகிற கார்களும் குலுங்காமல் போகவேண்டுமாம். அதனால் வழியில் உள்ள மேட்டையெல்லாம் செதுக்கி எடுக்கச் சொல்லி உத்தரவாம்.

ராமாத்தாள் மேட்டின்மேல் ஏறி நின்றுகொண்டாள். கேங்கின் மேஸ்திரி சீனிவாசலு என்பவர் தலைமுண்டாசை அவிழ்த்துக்கொண்டே கிட்டே வந்தார். வீட்டில் தெலுங்கு பேசினாலும் வெளியே நம்மூர்ப் பேச்சுதான். மெலிந்த ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"நாங்க செய்யறவங்க அம்மணி, சொல்றவங்க இல்லீங்க. அமைச்சரு போகட்டும், நானே வந்து மறுக்கா போட்டுத் தாரேனுங்க."

"நீங்க எங்கீங்க போடப் போறீங்க? எடுக்கறதுக்குன்னாத்தான் உங்க கையில கடப்பாரையக் குடுப்பாங்க" என்றாள் ராமாத்தாள்.

ஏட்டய்யா வந்து, இறங்கி வழிவிடு, இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபிறகு இறங்கினாள். மத்தியானத்துக்குள் ரோடு மொழுமொழுவென்று ஆகிவிட்டது. இதில் கூத்து என்னவென்றால், அமைச்சர் அந்த வழியாக வரவே இல்லை. கடைசி நேரத்தில் யாரோ சொல்லி, சத்தி ரோட்டில் ஏறி அன்னூர் சுற்றி அவிநாசி போய்விட்டார். மேடு போனதுதான் மிச்சம்.

அன்றிலிருந்து ராமாத்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பாவது மேட்டைப் பார்த்ததும் பிரேக்கில் கால் வைத்தார்கள். இப்போது செதுக்கின ரோடு பளிங்கு மாதிரி கிடக்க, அவிநாசியிலிருந்து வருகிறவன் அங்கேதான் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். சர்ரென்று ஒரு சத்தம் வந்து காதுக்குள் நுழைந்து போகும். மிஷினில் நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் நிற்பாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கினால் ரோட்டுக்கு ஓடுவாள். வாத்தியார்களின் பொறுப்பு பள்ளிக்கூடத்துக் கேட்டோடு சரி. அதற்கப்புறம் எழிலும் மற்றப் பிள்ளைகளும் சாமி விட்ட வழி.

ஏட்டு பிரான்சிஸிடம் போனாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. மேட்டை எடுத்தபோது அவளை மிரட்டியது அவருக்கே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கான்ஸ்டபிள்களைக் கூட்டிக்கொண்டு வந்து ரோட்டோரம் நின்று பார்த்தார். எங்கள் டிரைவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்த அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு செத்தாலும் சரி, ரோட்டில் போலீஸ் நிற்கிறது என்றால் எதிரே வருகிறவனுக்கு லைட்டைப் போட்டுக் காட்டிவிட வேண்டும். காட்டாதவனோடு ஸ்டாண்டில் யாரும் டீ குடிக்க மாட்டார்கள். அதனால் போலீஸ் நின்ற நேரமெல்லாம் வண்டிகள் கல்யாணப் பெண் மாதிரி தலைகுனிந்து நடந்தன. போலீஸ் போனதும் பழைய குருடி கதவைத் திறடி என்றாயிற்று. மாட்டினதெல்லாம் மொபெட்டில் மூன்று பேர் உட்கார்ந்து வந்த ஏழைபாழைகள்தான்.

"முப்பதுன்னு போர்டு இருக்குதுங்க அம்மணி, இல்லைன்னு சொல்லலீங்க. ஒருத்தன் எம்பதுல வந்தான்னு அளக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குது? ரெண்டு கண்ணுதான். கோர்ட்டுல கண்ணை ஒத்துக்க மாட்டாங்க" என்றார் பிரான்சிஸ்.

ரோட்டு ஆபீசுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தவர் சின்ன வயசு இன்ஜினியர். உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். பிறகு இது நேஷனல் ஹைவே, இதில் வேகத்தடையே போடக்கூடாது, அன்றைக்குப் போட்டதுதான் தப்பு, எடுத்தது சரி என்று தண்ணீர் பட்ட பாடாக விளக்கினார். ராமாத்தாளுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி பற்றி எரிந்தது. சரிங்க சாமி, அப்படியானால் நீங்களே வந்து என் பிள்ளையை ரோடு தாண்டி விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் யாகூப் பாயின் டீக்கடை. ஐயாசாமி கடைசியாகப் போக நினைத்த கடை. எல்லாரும் சேர்ந்து மறுபடியும் ஒரு மறியல் செய்தால் என்ன என்று ராமாத்தாள் அவரிடம் கேட்டாள். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தி, யோசித்து, மனசில் எந்தக் கள்ளமும் இல்லாமல்தான் சொன்னார்.

"பண்ணலாமுங்க. சனம் வரும். ஆனா சும்மா கூப்புட்டா வராதுங்க அம்மணி. அதுக்கு ஒரு உசுரு வேணுமில்லீங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அடுத்த உயிர் யாருடையதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேறு யாரையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கனவில்கூட முள் வெட்டிப் போட்ட ரோடும் ஜீப்பும்தான் வந்தன.

பொங்கலுக்கு முந்தின வாரம் அது நடக்கவும் பார்த்தது. எழிலுக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ரோடு தாண்டுவது வெட்கமாக இருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, கூடப் படிக்கிறதுகள் சிரிக்காதா? அன்றைக்கு அம்மா வருவதற்குள் தோழியோடு பேசிக்கொண்டே இறங்கிவிட்டாள். ஒரு பஸ் வந்த வேகத்தில் பிள்ளையின் பை மட்டும் அதில் உரசி, அவள் சுழன்று மண்ணில் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. பஸ் நிற்கவும் இல்லை. ராமாத்தாள் ஓடிவந்து பிள்ளையை ஓர் அறை விட்டு, அப்புறம் கட்டிக்கொண்டு ரோட்டோரத்திலேயே ஒப்பாரி வைத்தாள். எழில் அழவில்லை. எல்லாரும் பார்க்கிறார்களே அம்மா என்று மட்டும் சொன்னாள்.

குடோன் முதலாளி லட்சுமணசாமி ஒரு கணக்கான ஆள். தறி பாதி, தோட்டம் பாதி என்று பிழைக்கிறவர். நீ தினம் இப்படி நடுவேலையில் மிஷினை விட்டு ஓடினால் தறிக்கு நூல் எங்கிருந்து வரும், ஒன்று மிஷினில் நில், இல்லாவிட்டால் ரோட்டிலேயே நின்றுகொள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். வேலையும் போனால் சோத்துக்கு என்ன செய்வது? ராமாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினாள்.

வழி காட்டியதும் அதே லட்சுமணசாமிதான், தெரியாமலேயே காட்டினார். தை பிறந்ததும் அவர் தோட்டத்தில் கொள்ளு பிடுங்கினார்கள். களம் தட்டி, மாடு கட்டி அடிக்கிறதெல்லாம் யாருக்கு ஆகும்? தார் ரோட்டில் செடியோடு பரப்பிவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவரும் தோட்டத்துக்கு எதிரே ரோட்டில் பரப்பினார். ராமாத்தாள் பார்த்தாள். சக்கரத்தில் செடி சுற்றிக்கொள்ளும், இன்ஜினில் மாட்டித் தீப்பிடிக்கும் என்ற பயத்தில் அங்கே வந்ததும் எல்லா வண்டியும் வேகத்தைக் குறைத்தன. முப்பது போர்டுக்கு மயங்காதவன், ஏட்டய்யாவின் விசிலுக்கு மயங்காதவன், மாட்டுக்குப் போடுகிற கொள்ளுக்கு அடங்கினான்.

அன்றைக்கே முதலாளியிடம் போய் நின்றாள். கொள்ளைக் கொஞ்சம் தள்ளி, பழைய மேடு இருந்த இடத்தில் பரப்பினால் பரப்புவது, புரட்டுவது, அள்ளுவது எல்லா வேலையும் தானே செய்கிறேன், கூலி வேண்டாம் என்றாள். லட்சுமணசாமிக்குக் கசக்குமா? ஆகட்டும் போ என்றார்.

அந்த நாலைந்து நாள்தான் ராமாத்தாள் மனுஷியாக இருந்தாள். காலையில் செடியைப் பரப்பிவிட்டு வேலைக்குப் போவாள். மிஷினில் நிற்கும்போது ரோட்டில் வண்டிகள் முனகிக்கொண்டு ஊர்வது கேட்கும். பிள்ளைகள் பேசிச் சிரித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பாள். ஏட்டு பிரான்சிஸ் ஒருமுறை வண்டியை நிறுத்தி, ரோட்டில் இதைப் போடுவது குற்றம், தெரியுமல்லவா என்றார். தெரியுமுங்க, எம்பதில் வருவதும் குற்றந்தானுங்களே என்றாள். அவர் சிரித்துவிட்டு, சீக்கிரம் அள்ளிக்கொள் என்று சொல்லிப் போனார். ராத்திரி அவள் தூங்கினாள். தூங்கி எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேஸ்திரி சீனிவாசலுவும் அந்தப் பக்கம் வந்தார். அவருக்கு வீடு கணியூரில். ஒரு பழைய மொபெட்டில் போவார் வருவார். வண்டியை ஓரமாக நிறுத்தி, குனிந்து கொள்ளுச்செடியைக் காலால் ஒதுக்கிப் பார்த்தார்.

"கீழ பூரா கொள்ளு உதுந்து கெடக்குதுங்க அம்மணி. பெரிய வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க, ரெண்டு சக்கரத்துல வாரவன் வழுக்கி உழுந்துபோடுவான். இத அள்ளிப் போடுங்க. இந்த வாரத்துல இங்க குழி மூடற வேலை வருது. மிச்சக் கலவையில ஆபீசுக்குத் தெரியாமெ சின்னதா ஒரு மேடு நான் போட்டுத் தாரேன்."

ராமாத்தாள் தலையை ஆட்டினாள். மனசுக்குள், போட்டுக் கிழிச்சே என்றுதான் சொல்லிக்கொண்டாள். மேட்டை எடுத்த கைதானே அது. அமைச்சர் போனதும் போடுகிறேன் என்று சொன்ன வாய்தானே. இவர் பேச்சை நம்பிக் கொள்ளை அள்ளிவிட்டு, பிள்ளையை யார் பொறுப்பில் விடுவது?

கொள்ளு உதிர்ந்து முடிந்துவிட்டது, அள்ளிவிடலாம் என்று லட்சுமணசாமி சொன்னபோது, இன்னும் ஒருநாள் கிடக்கட்டுமுங்க, காய் பாக்கி இருக்கிறது என்று இவள் பொய் சொன்னாள். தோட்டத்தில் மீந்திருந்த செடியையும் கொண்டுவந்து முன்னைவிடக் கனமாகப் பரப்பினாள். ரோடே தெரியவில்லை. மத்தியானம் சோற்றுப் போசியைக் கழுவ வெளியே வந்தவள், மேற்கேயிருந்து அந்த மொபெட் வருவதைப் பார்த்தாள். பின்னால் ஒரு லாரி வந்தது. முன்சக்கரம் செடிக்குள் ஏறியதும் மொபெட் ஆடியது. பிறகு படுத்தது. லாரிக்காரன் பிரேக் அடித்தான். முப்பதில் வந்திருந்தால் நின்றிருக்கும். அவன் முப்பதில் வரவில்லை.

அவள்தான் முதலில் ஓடினாள். சீனிவாசலுவின் கண் திறந்தே இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்து உடைந்து, கொள்ளுச்செடியின்மேல் சுண்ணாம்புத் தூள் சிந்திக் கிடந்தது. அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புரிந்துபோயிற்று. மேற்கேயிருந்து கேங்குக்காரர்களின் டிராக்டர் வந்தது. பின்னால் ட்ரெய்லரில் ஆவி பறக்கிற தார்க்கலவை. மேடு எங்கே வரவேண்டும் என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவைக்க மேஸ்திரி முன்னால் வந்திருக்கிறார்.

லாரி டிரைவர் குதித்து ஓடிவிட்டான். ஓடாமல் நின்றால் ஊர் சும்மா விடுமா? அவன் ஓடினதும் குற்றம் முழுக்க அவன் தலையில் ஏறிக்கொண்டது. லட்சுமணசாமி ஆட்களைக் கூட்டிவந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் கொள்ளை ஒரு செடி பாக்கியில்லாமல் வாரிச் சாக்கில் கட்டித் தோட்டத்துக்கு அனுப்பினார். கொள்ளைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது என்றார். யாரும் விடவில்லை. ஏட்டு பிரான்சிஸ் வந்து, காலியான ரோட்டைப் பார்த்தார், ராமாத்தாளைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அள்ளச் சொல்லி அன்றைக்கே கட்டாயப்படுத்தாதவர் அவர். இப்போது என்ன பேசுவார்?

பிறகென்ன, முள் வெட்டினார்கள். யாகூப் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ராமாத்தாளை இழுத்துவந்து, முன்பு இதே இடத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் என்று முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். அந்தச் சின்ன வயசு இன்ஜினியரும் வந்து முகம் வெளுத்து நின்றார். என்னம்மா வேண்டும் என்று தாசில்தார் இவளைப் பார்த்துத்தான் கேட்டார். லாரி இல்லீங்க, நான்தானுங்க என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் மறியல் கலையும். முள்ளை எடுத்துவிடுவார்கள். நாளைக் காலையில் எழில் அதே மொழுமொழு ரோட்டைத் தாண்டுவாள். ராமாத்தாள் வாயைத் திறக்கவில்லை. மேடு வேணுமுங்க என்று பின்னாலிருந்து ஊர் சொன்னது.

பொழுதோடு மேடு வந்துவிட்டது. மேஸ்திரியோடு வேலை செய்த ஆட்களே கண்ணீரைத் துடைத்துக்கொண்டு போட்டார்கள். மறியலே செய்யாமல், யாரும் சாகாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு அதே இடத்தில் அதே மேடு வந்திருக்கும். அவர் சொன்ன சொல்லை நம்பி ஒரே ஒருநாள் முன்னால் கொள்ளை அள்ளியிருந்தால் போதும். இதை நினைத்து நினைத்து ராமாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. புதுமேட்டில் வண்டிகள் ஏறி இறங்கின. அந்தச் சத்தம் இப்போது நெஞ்சில் ஏறி இறங்கியது. மிஷினில் நிற்க முடியவில்லை, வீட்டில் உட்கார முடியவில்லை. துக்கம் கேட்கப் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் கணியூருக்குப் பஸ் ஏறினாள். சீனிவாசலுவின் மனைவி பங்காரம்மா ஓட்டு வீட்டு வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷனோடு சேர்ந்து தார்ச்சட்டி தூக்கிக் காய்த்துப்போன கைகள். யாரென்று சொன்னதும் எழுந்து வந்து ராமாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழவு வீட்டு முறைப்படி இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"அவரு உங்களப் பத்திச் சொல்லியிருக்காருங்க. அந்த அம்மணிக்கு ஒரே புள்ளை, அது ரோட்டத் தாண்டிப் போகோணும், அந்த மேட்டைப் போட்டுக் குடுத்தாத்தான் எனக்கு மனசாறும்னு சொல்லிட்டே இருந்தாரு. உங்களுக்கும் அதே எடமாப் போச்சு, எனக்கும் அதே எடமாப் போச்சு பாருங்க."

ராமாத்தாள் தலை நிமிரவில்லை. பங்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசலின் மூலையில் சாத்தியிருந்த மொபெட்டைக் காட்டினாள். போலீஸ் அப்போதுதான் திருப்பிக் கொடுத்திருந்தது. சக்கரத்துக் கம்பிகளில் காய்ந்த கொள்ளுக்கொடி சுற்றியபடியே இருந்தது.

"லாரிக்காரன்னு ஊரே சொல்லுதுங்க. அவன் வந்தது பொறவு. இவரைத் தள்ளி உட்டது இதுதான். ரோட்டுல எவளோ கொள்ளுப் பரப்பியிருந்தாளாம், கேங்குப் பசங்க பாத்திருக்காங்க. பேரச் சொல்லுங்கடான்னா தெரியாதுங்கறாங்க."

சொல்லிக்கொண்டே வாசலில் குனிந்தாள். எழுந்தபோது கை நிறைய மண் இருந்தது. வயிறெரிந்தவள் மண்ணை வாரித் தூற்றிச் சொன்னால் அது பலிக்கும் என்பார்கள். தாலியறுத்த ஈரம் காயாதவள் சொன்னால் கேட்கவே வேண்டாம். பங்காரம்மா அவிநாசி ரோடு இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பினாள். முந்தானை நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"எங்கூட்டு வெளக்க அணைச்சவ எவளாயிருந்தாலும், அவ பெத்தது அதே ரோட்டுல—"

ராமாத்தாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது. பங்காரம்மா அந்தக் கைக்கு மேலாக அவளைப் பார்த்தாள். முதலில் அந்தக் கண்ணில் திகைப்பு இருந்தது. அப்புறம் திகைப்புப் போய்விட்டது. கையை எடுக்கவும் பயமாக இருந்தது, எடுக்காமல் நிற்கவும் முடியவில்லை. எங்கோ பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

பங்காரம்மாவே அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"எத்தனை வயசு?"

"பன்னெண்டுங்க."

பங்காரம்மா கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு விரல்களை விரித்தாள். மண் அவள் காலடியிலேயே விழுந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ராமாத்தாளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். நிலைப்படியில் நின்று சொன்னாள்.

"போங்க. பள்ளிக்கூடம் உடற நேரமாச்சு."